குதித்துக் காட்டிய கால்

ஆண்டவருக்குள் என் அன்பான சகோதர சகோதரிகளே, ஒரே வலிக்கு இரண்டு முறை சாட்சி சொன்னவள் நான். முதல் சாட்சிக்குச் சபையே கைதட்டியது. அது பொய்ச் சாட்சி. அந்தப் பொய்க்குள் ஆறு வாரம் அகப்பட்டுக் கிடந்ததையும், ஆண்டவர் என்னை வெளியே எடுத்ததையும் மறைக்காமல் எழுதித் தரச் சொல்லி எங்கள் ஆயர் கேட்டார். மறைக்காமல் எழுதுவது எனக்குப் புதுப் பழக்கம். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் சுகந்தி. வயது நாற்பத்திரண்டு. மதுரை வில்லாபுரத்தில் குடியிருக்கிறோம். ஒரு மிஷன் பள்ளியில் கணக்கு டீச்சர் நான். கணவர் ஜெயராஜ் அரசு அலுவலகத்தில் கிளார்க். ஒரே மகள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கப் போனதும் வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. சும்மா இருந்தால் அழுகை வந்தது. அதனால் காலையில் நடக்கப் போனேன். நடை ஓட்டமானது. ஓட்டத்தில் அறிமுகமானவர்கள் சைக்கிளுக்கு இழுத்தார்கள். முப்பத்தொன்பதாவது வயதில், பெண்களுக்கென்று தனி நேரம் ஒதுக்கிய ஒரு நீச்சல் குளத்தில், ஆறு வயதுப் பிள்ளைகளோடு சேர்ந்து நீச்சல் கற்றுக்கொண்டேன். பிறகு டிரையத்லான் பைத்தியம் பிடித்தது. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் நடுவில் நிறுத்தாமல் அடுத்தடுத்து முடிக்கிற போட்டி அது.

சேலை கட்டிப் பள்ளிக்கூடம் போகிற டீச்சர் விடிகாலையில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு ரிங் ரோட்டில் சைக்கிள் மிதித்தால் தெருவில் என்ன பேசுவார்கள் என்று உங்களுக்கே தெரியும். பேசினார்கள். எனக்கு அது டானிக் குடித்த மாதிரி இருந்தது. சின்னப் போட்டிகள் இரண்டை முடித்தேன். அடுத்து ஜூன் மாதம் ஒரு பெரிய போட்டிக்குப் பெயர் கொடுத்தேன். ஒன்றரை கிலோமீட்டர் நீச்சல், நாற்பது கிலோமீட்டர் சைக்கிள், அதன் பிறகு பத்து கிலோமீட்டர் ஓட்டம்.

பயிற்சித் திட்டம் போனில் இருந்தது. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம். வெள்ளிக்கிழமைக் கட்டத்தில் மட்டும் பச்சை நிறத்தில் ‘ஓய்வு’ என்று போட்டிருக்கும். அந்தக் கட்டத்தைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். ஓய்வு சோம்பேறிகளுக்கு என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமையும் ஐந்து கிலோமீட்டர் ஓடினேன். ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழு, ஓய்வுநாள் பள்ளி, மதியம் பெண்கள் ஐக்கியம். ஓய்வுநாள் என்கிற பெயரில்தான் ஓய்வு இருந்தது, எனக்கு இல்லை.

ஜனவரி கடைசியில் இடது தொடை இடுக்கில் ஆழமாக ஒரு வலி தொடங்கியது. ஓட ஆரம்பித்தால் வரும், நின்றால் போகும். தைலம் தேய்த்தேன். அதற்குள் ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலமான லெந்து வந்துவிட்டது. வழக்கமாக லெந்தில் நான் அசைவம் மட்டும் விடுவேன். இந்த முறை என் ஓட்டத்தை ஆண்டவருக்கே காணிக்கையாகக் கொடுப்பதாகப் பொருத்தனை பண்ணினேன். நாற்பது நாளும் மாலை ஆறு மணி வரை உபவாசம், ஆனால் பயிற்சியில் ஒரு நாளும் குறையக் கூடாது. காலையில் வெறும் வயிற்றில் இரண்டு மணி நேரம் பயிற்சி, பிறகு ஏழு பாடவேளை, சாயங்காலம்தான் சோறு. எடை குறைந்தது. மூன்று மாதமாக மாதவிலக்கு வரவில்லை. வயதாகிவிட்டது, நல்லதுதான், தொல்லை விட்டது என்று இருந்தேன். இதை எல்லாம் பக்தி என்று நினைத்தேன் பாருங்கள், இன்றைக்கு நினைத்தால் என்னையே நாலு சாத்து சாத்தலாம் போல இருக்கிறது.

லெந்தின் மூன்றாவது வாரம் வலி கூடியது. அந்த வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் பெண்கள் ஐக்கியத்தார் எனக்காகத் தனியாக ஜெபித்தார்கள். ஆயர் நெற்றியில் எண்ணெய் பூசினார். மூன்று மணி நேரம் பாயில் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்தேன். வலி இல்லை! வீட்டுக்கு நடந்தேன், வலி இல்லை. சனிக்கிழமை பள்ளியில் ஆண்டு விழா வேலை, பயிற்சிக்குப் போக முடியவில்லை. ஞாயிறு காலையும் வலி இல்லை. இரண்டு நாள் ஓடாமல் இருந்ததால் வலி அடங்கியிருக்கலாம் என்பது ஒரு கணக்கு டீச்சருக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. விடையை முதலில் எழுதிவிட்டு வழிமுறையைப் பின்னால் இட்டு நிரப்பும் பிள்ளைகளை வகுப்பில் நான் உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவேன். அதையே அன்றைக்குச் சபை நடுவில் செய்தேன்.

சாட்சி வேளையில் எழுந்து, ஆண்டவர் எனக்குப் பூரண சுகம் கொடுத்துவிட்டார் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். செருப்பைக் கழற்றிவிட்டு, பீடத்துக்கு முன்னால் நின்று, அந்த இடது காலாலேயே மூன்று முறை குதித்துக் காட்டினேன். சபை ஆர்ப்பரித்தது. யாரோ வீடியோ எடுத்துச் சபை வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். சாயங்காலத்துக்குள் அது ஊமச்சிகுளம், ஒத்தக்கடை என்று சொந்தக்காரர்கள் போனுக்கெல்லாம் போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை ஓடினேன். முதல் கிலோமீட்டரிலேயே வலி வந்தது. முன்னைவிட மோசமான வலி.

அன்று அழுதேன். வலிக்காக இல்லை. யாரிடமும் சொல்ல முடியாது என்று தெரிந்ததற்காக அழுதேன். வலி திரும்ப வந்துவிட்டது என்று சொன்னால் என்ன ஆகும்? எனக்கு விசுவாசம் இல்லை என்பார்கள். இல்லையென்றால் ஆண்டவர் சுகம் கொடுக்கவில்லை என்று ஆகிவிடும். ஒன்றில் நான் கெட்டவள், இன்னொன்றில் ஆண்டவருக்கு அவப்பெயர். அப்போது எனக்கு அப்படித்தான் புத்தி போனது. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

அதன் பிறகு நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. எங்கள் சபைச் செயலர் தேவசகாயம் ஐயா தினமும் காலையில் நான் ஓடும் மைதானத்துக்குத்தான் நடக்க வருவார். தூரத்தில் என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கி, “டீச்சர், ஆண்டவர் பெரியவர்!” என்பார். அவர் எட்டுச் சுற்று நடப்பார். அவர் கண் முன்னால் நான் நொண்ட முடியுமா? அந்த எட்டுச் சுற்று முடியும் வரை பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினேன். அவர் கேட்டைத் தாண்டிப் போனதும் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். கண்ணில் தண்ணீர் கொட்டும்.

பள்ளியில் எனக்கு வகுப்பு இரண்டாம் மாடியில். மணி அடித்ததும் பிள்ளைகள் எல்லாரும் இறங்கும் வரை ஏதோ நோட்டுத் திருத்துவதுபோல் உட்கார்ந்திருந்துவிட்டு, யாரும் இல்லாதபோது கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாகப் பக்கவாட்டில் இறங்குவேன். வலி மாத்திரையை ஜாமெட்ரி பாக்ஸில் ஒளித்து வைத்தேன். பெரிய வெள்ளியன்று மூன்று மணி நேர ஆராதனையில் பாடகர் குழுவோடு வலது காலிலேயே நின்றேன். சிலுவையைப் பற்றிப் பாடிக்கொண்டு, எப்போது உட்காரச் சொல்வார்கள் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன். கணவர் கேட்டபோது சுளுக்கு என்றேன். அவர் நம்பவில்லை. ஆனால் என்னிடம் வாய் கொடுத்து ஜெயித்ததில்லை, அதனால் விட்டுவிட்டார்.

ஜெபிக்கவும் முடியவில்லை. முழங்காலில் நின்றால் அந்தக் காலும் வலித்தது, உள்ளேயும் குத்தியது. உமக்கு மகிமை என்று தொடங்குவேன், வார்த்தை நின்றுவிடும். கடைசியில் ஒரே ஒரு வரிதான் ஜெபமாக மிஞ்சியது. “ஆண்டவரே, நானே போய் இதில் மாட்டிக்கொண்டேன், என்னால் வெளியே வர முடியவில்லை, நீர் எடுத்துவிடும்.” தினமும் குளிக்கும்போது குழாயைத் திறந்துவிட்டு அதைச் சொல்வேன். எப்படி எடுப்பார் என்று எனக்கு ஒரு திட்டமும் இருந்தது. வலி ராத்திரியோடு ராத்திரியாக மறைந்துவிட வேண்டும், ஒருவருக்கும் தெரியக் கூடாது, ஜூனில் நான் பதக்கத்தோடு சபைக்கு வர வேண்டும். ஆண்டவருக்கே பாடத்திட்டம் எழுதிக் கொடுத்த டீச்சர் நான்.

ஈஸ்டர் முடிந்த சனிக்கிழமை. சைக்கிளில் மட்டும் அவ்வளவாக வலிக்காது என்பதால் தனியாக அலங்காநல்லூர் தாண்டி நீண்ட தூரம் போனேன். காலை ஏழரை மணி இருக்கும். வாய்க்கால் ஓரமாகப் போகிற ஒரு கிளைச் சாலையில் பின் டயர் பஞ்சர். மாற்று டியூப் இருந்தது. அதை மாட்டிக் காற்றடித்தால் வால்வு கையோடு பிய்ந்து வந்துவிட்டது. கணவருக்குப் போன் போட்டால் அவர் எடுக்கவில்லை. மெயின் ரோடு இரண்டரை கிலோமீட்டர். தள்ளிக்கொண்டே போய்விடலாம் என்று இறங்கினேன்.

பத்து அடி வைத்தேன். அதற்கு மேல் இடது கால் ஊன்றவில்லை. மிதிக்கிறபோது தெரியாத வலி, நடக்கிறபோது உயிர் போனது. இருநூறு கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்கத் தெரிந்தவளுக்கு இருநூறு அடி நடக்க முடியவில்லை. இரண்டு பக்கமும் நெல் வயல். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சைக்கிள் மேல் சாய்ந்து நின்று, மெயின் ரோடு வரை மட்டும் நடக்கப் பலம் கொடும் என்று கெஞ்சினேன். பலம் வரவில்லை. புல்லுக்கட்டு ஏற்றிய ஒரு மொபெட் வந்தது.

ஓட்டி வந்தவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பெயர் முத்துப்பாண்டி என்று பிறகு தெரிந்தது. “என்னக்கா, பஞ்சரா?” என்று வண்டியை நிறுத்தினார். ஆமாண்ணே, தள்ளிக்கிட்டே போயிருவேன் என்று கெத்தாக இரண்டு அடி நடந்து காட்டினேன்.

“நில்லுக்கா, நில்லு. கால்ல என்ன?”

“ஒண்ணுமில்லண்ணே. மரத்துப்போச்சு.”

“மரத்துப்போன காலு இப்படியா இருக்கும்? நான் மாடு வளக்குறவன்க்கா. நொண்டுறதுல எது எதுன்னு எனக்குத் தெரியும். உக்காரு முதல்ல.”

உட்கார்ந்தேன். அவர் ஒரு ஜல்லிக்கட்டுக் காளை வைத்திருந்தார். கண்மாயில் நீச்சல், தினமும் நடை, மண்ணைக் குத்த விடுவது என்று அதற்கும் மூன்று பயிற்சி. சிரிப்பு வந்துவிட்டது, எனக்கும் மூணுதான் அண்ணே என்றேன். போன தை மாத ஜல்லிக்கட்டுக்குச் சில நாள் முன்னால் காளை பின்னங்காலை லேசாக இழுத்து நடந்ததாம். டோக்கன் கையில் இருந்தும் இவர் வாடிவாசலுக்குக் கொண்டு போகவில்லை. ஊரே கேலி பேசியதாம்.

“பேசிட்டுப் போறாங்ய. மாட்டுக்கு வெக்கம் இல்லக்கா. வலிச்சா நொண்டும், நாம பாத்துக் கட்டிப்போட்டுருவோம். நீ வலிய வச்சுக்கிட்டே நல்லா நடக்குற மாதிரி காட்டுற பாரு, உன்னயெல்லாம் எப்படிக் கட்டிப்போடுறது?”

அவர் விளையாட்டாகச் சொன்னார். முகத்தைப் பொத்திக்கொண்டு வாய்க்கால் கரையில் அழுதேன். பாவம், அவர் பயந்துவிட்டார். “யக்கா, யக்கா, தப்பா எடுத்துக்காத” என்று நாலைந்து தடவை சொன்னார். பங்காளிக்குப் போன் போட்டு லோடு ஆட்டோ வரவழைத்து, சைக்கிளை ஏற்றி, என்னை வில்லாபுரம் வரை அனுப்பிவைத்தார். நேரே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி டிரைவரிடம் மூன்று முறை சொன்னார். நான்தான் முதலில் வீடு என்றேன். வாசலில் இறங்கும்போது கணவர் என் நடையைப் பார்த்தார். சுளுக்கு என்று சொல்ல வாய் எடுத்தேன், அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

திங்கட்கிழமை ஸ்கேன். எலும்பு டாக்டர் ஒரு அம்மா. தொடையெலும்பின் மேல் முனையில், இடுப்போடு சேரும் கழுத்துப் பகுதியில் விரிசல் விட்டிருந்தது. விரிசல் முழுக்கக் குறுக்கே போகவில்லை. இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருந்தால் எலும்பு முறிந்து ஆபரேஷனில் கொண்டுபோய் விட்டிருக்கும் என்றார். எவ்வளவு பயிற்சி, எத்தனை நாள் ஓய்வு, என்ன சாப்பாடு, மாதவிலக்கு ஒழுங்கா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சொல்லச் சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது.

“சோறும் போடல, தூங்கவும் விடல. எலும்பு எத வச்சும்மா தன்னைச் சரி பண்ணிக்கும்?” என்றார். “இந்த வலியோட எப்பவாவது குதிச்சீங்களா?”

கணவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். எட்டு வாரம் இடது காலை ஊன்றக் கூடாது, இரண்டு ஊன்றுகோல், மூன்று வேளைச் சாப்பாடு, போட்டி கிடையாது என்று எழுதிக் கொடுத்தார்.

எங்கள் வீடு முதல் மாடி. படுக்கையறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மட்டும் தெரியும். அந்தத் தொட்டியைப் பார்த்துக்கொண்டு படுத்துக் கிடந்தேன். விடிகாலை நாலரைக்கு உடம்பு தானாக எழும், போக இடம் இருக்காது. சகோதரிகளே, கால் கட்டப்பட்டதைவிட இன்னொன்றுதான் என்னை அமுக்கியது. சபைக்கு என்ன சொல்வது?

கணவர் என் மேல் இருந்த பாசத்தில் ஒரு வழி சொன்னார். “யாரு கேட்டாலும் சைக்கிள்ல இருந்து விழுந்துட்டேன்னு சொல்லிரு. அந்தச் சுகம் வேற, இது வேற. அம்புட்டுதான், முடிஞ்சுபோச்சு.”

எவ்வளவு சுலபம்! சாட்சியும் நிற்கும், காலும் ஆறும். எனக்கு அது ஆண்டவரே திறந்த வாசல் மாதிரி தெரிந்தது. செவ்வாய்க்கிழமை பெண்கள் ஐக்கியத்தார் ஆப்பிளும் மாதுளையுமாக வந்தபோது விழுந்துவிட்டதாகவே சொன்னேன். “சுகம் கெடச்ச காலாப் பாத்துப் பிசாசு தள்ளிவிட்டிருக்கான் பாருங்க” என்று ஒருவர் சொன்னார். தலையாட்டினேன். என் வெறும் வயிற்று ஓட்டத்துக்குப் பாவம் பிசாசின் மேல் பழி.

வியாழக்கிழமை சாயங்காலம் எஸ்தர் வந்தாள். எங்கள் பாடகர் குழுவில் பாடுகிறவள். முப்பத்திரண்டு வயது. ஒத்தக்கடையில் வீடு, அங்கே ஒரு கல்லூரியில் டைப்பிஸ்ட். அம்மா வில்லாபுரத்தில் இருப்பதால் ஞாயிறுதோறும் ஸ்கூட்டரில் எங்கள் சபைக்கு வருவாள். மகளுக்கு ஆறு வயது, ஸ்கூட்டரில் முன்னால் நின்றுகொண்டே வரும். எஸ்தருக்குக் கல்லூரி நாளிலிருந்து வலிப்பு உண்டு. மாத்திரையில் கட்டுப்பட்டிருந்தது. அது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டாள். வாய்க்கால் பக்கம் மணல் சறுக்கியது என்று இடம் பொருளோடு சொன்னேன். பொய் பழகப் பழக அழகாக வருகிறது. அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுக் கதவைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

“அக்கா, உங்ககிட்ட மட்டும் ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு எண்ணெ பூசுனதும் வலி உடனே போச்சா, இல்ல கொஞ்சங் கொஞ்சமாப் போச்சா?”

ஏன் கேட்கிறாய் என்றேன்.

“உங்க சாட்சியக் கேட்ட அன்னைக்கே நானும் மாத்திரைய நிறுத்திட்டேன்க்கா. விசுவாசத்துல நிக்கிறேன். ஆனா ரெண்டு தடவ கை வெட்டி இழுத்துச்சு. ஒரு தடவ ஸ்கூட்டர் ஓட்டுறப்ப. பிள்ள முன்னாடி நின்னுச்சு. யார்கிட்டயும் சொல்லல. எனக்கு விசுவாசம் பத்தலியோன்னு பயமா இருக்குக்கா. நீங்க எப்படி நின்னீங்கன்னு சொல்லுங்க.”

மேலூர் ரோட்டில் போகிற பஸ்களும் லாரிகளும் அந்தக் குழந்தையின் முகமும் ஒன்றாகக் கண்ணுக்குள் வந்தன. என் பெருமைக்குக் கால் போனால் போகட்டும் என்றுதான் இத்தனை நாள் இருந்தேன். ஒரு குழந்தையின் உயிர் போயிருக்கும். என் பொய்யை நம்பி இவளும் என்னைப் போலவே ஒளிந்துகொண்டு நடுங்கியிருக்கிறாள். அந்த நிமிடம் கூட உள்ளே ஒரு குரல், மாத்திரையைச் சாப்பிடு என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடு, உன் கதையை ஏன் அவிழ்க்கிறாய் என்றது. ஆண்டவரே என்று மனதுக்குள் கத்தினேன். அதுதான் அந்த ஆறு வாரத்தில் நான் செய்த உண்மையான ஜெபம்.

“எஸ்தர், நான் கீழ விழல” என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். செவ்வாய்க்கிழமையே வலி வந்ததை, தேவசகாயம் ஐயாவுக்காக ஓடியதை, ஜாமெட்ரி பாக்ஸை. அவள் முகம் மாறிக்கொண்டே வந்தது. எழுந்து நின்றாள்.

“நீங்க குதிச்சீங்களேக்கா” என்றாள். “நான் அழுதுக்கிட்டே பாத்தேனே.”

மன்னித்துவிடு என்றேன். அவள் ஜெபிக்காமல், போயிட்டு வாரேன் என்றுகூடச் சொல்லாமல் போய்விட்டாள். நான் கணவரைக் கூப்பிட்டு ஓடிப்போய் ஸ்கூட்டர் சாவியை வாங்கச் சொன்னேன். அவர் தெருமுனையில் அவளைப் பிடித்து, பஸ்ஸில் ஏற்றிவிட்டு, ஸ்கூட்டரை எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். என்ன நடந்தது என்று அவரிடமும் சொன்னேன். “ஞாயித்துக்கிழமை கார் சொல்றேன்” என்று மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஊன்றுகோலோடு சபைக்குப் போனேன். ஆயரிடம் ஆராதனைக்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன். அவர் முகம் வாடிப்போனது. உட்கார்ந்தே பேசுங்கள் என்றார், நான் நின்றே பேசினேன். அன்றைக்குப் பெற்றது பூரண சுகம் இல்லை, வலி திரும்ப வந்தும் மறைத்தேன், கீழே விழுந்ததாகச் சொன்னதும் பொய், என்னைப் பார்த்து யாராவது மாத்திரையை நிறுத்தியிருந்தால் இன்றைக்கே டாக்டரிடம் போங்கள் என்றேன். எஸ்தரின் பெயரைச் சொல்லவில்லை. ஆண்டவர் சுகம் தர வல்லவர், அவர் பெயரில் நான்தான் அவசரமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்றேன். யாரும் கைதட்டவில்லை. பாடகர் குழு அடுத்த பாட்டைத் தொடங்கவே மறந்துவிட்டது.

அந்த அமைதியில், அன்றைக்குப் பாடகர் குழுவோடு சேராமல் பெண்கள் பக்கம் பின் வரிசையில் உட்கார்ந்திருந்த எஸ்தர் எழுந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

“நான் மாத்திரைய நிறுத்தியிருந்தேன். வெள்ளிக்கிழமை டாக்டரப் பாத்துட்டேன். மறுபடி சாப்பிடுறேன். எனக்காக ஜெபம் பண்ணிக்கோங்க” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். மகள் அவள் பக்கத்தில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும்தான் எனக்கு மூச்சே வந்தது. என்னை எடுத்துவிடும் என்று நான் கேட்ட ஜெபத்துக்கு, ஆண்டவர் என்னோடு இன்னும் இரண்டு பேரையும் சேர்த்து எடுத்துவிட்டார் என்று அங்கேயே அழுது ஸ்தோத்திரம் பண்ணினேன்.

ஆராதனை முடிந்ததும் தேவசகாயம் ஐயா வந்து முன்னால் நின்றார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். “எனக்கு மூட்டு தேஞ்சிருக்கு டீச்சர். டாக்டர் நாலு சுத்துக்கு மேல நடக்காதீங்கன்னாரு. நீங்க ஓடுறதப் பாத்து வெக்கப்பட்டு எட்டு சுத்து நடந்தேன். இனிமே ரெண்டு பேரும் பெஞ்சுல உக்காருவோம்” என்றார். எல்லாரும் அப்படி இல்லை. நான் சபையைத் தலைகுனிய வைத்துவிட்டதாகச் சொன்னவர்களும் உண்டு. அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

எட்டு வாரமும் காலை ஊன்றவில்லை. ஜூன் போட்டி நடந்த அன்று மத்தியானம் வயிறு நிறைய மீன் குழம்புச் சாப்பாடு சாப்பிட்டுத் தூங்கினேன். மூன்றாவது மாதம் மாதவிலக்கு திரும்ப வந்தது. அதற்காக நான் ஆண்டவருக்கு நன்றி சொன்னது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை! டாக்டர் அனுமதித்த பிறகு நீச்சல், அப்புறம் சைக்கிள், இப்போது இரண்டு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. வெள்ளிக்கிழமை ஒன்றும் செய்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வீட்டுக்கு வந்துவிடுகிறேன். லெந்து உபவாசத்தை என்ன செய்வது என்று டாக்டரிடமும் ஆயரிடமும் கேட்டுத்தான் இனி முடிவு. எஸ்தர் இன்னும் என்னிடம் பழைய மாதிரி பேசுவதில்லை. பாட்டு நோட்டை மட்டும் எனக்கும் தெரிகிற மாதிரி சாய்த்துப் பிடிக்கிறாள். அவளாகப் பேசும் வரை காத்திருக்கிறேன்.

இதை வாசிக்கிற சகோதரியே, சகோதரனே, நீங்களும் ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட்டு அதற்குள் மாட்டிக்கொண்டு நிற்கலாம். சரியாகிவிட்டது என்று சொன்ன வியாதி சரியாகாமல் இருக்கலாம். எப்படி வெளியே வருவது என்று நீங்கள் ஆண்டவருக்குத் திட்டம் போட்டுக் கொடுக்காதீர்கள். எடுத்துவிடும் என்று மட்டும் கேளுங்கள். அவர் அனுப்புகிற ஆள் உங்கள் சபைக்காரராகக்கூட இருக்க மாட்டார். வருகிற உதவி முதலில் அவமானம் மாதிரிதான் தெரியும். அப்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள்.

இன்று காலை ஐந்தாவது நிமிடத்தில் இடது தொடையில் லேசாக வலித்தது. ஓட்டத்தை நிறுத்திவிட்டு, மைதானத்தில் எல்லாரும் பார்க்க, நொண்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.